இணைப்புக்காக எடை போட்ட நாட்கள்

மைசூரில் எங்கள் கல்லூரியையும் ஊரின் மறுகோடியில் இருக்கும் இன்னொரு கல்லூரியையும் சேர்த்து ஒரே பல்கலைக்கழகமாக்குவது என்று அரசு முடிவு செய்தபோது நான் வேதியியல் துறையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். இப்போதும் அதே துறையில்தான் இருக்கிறேன். வாசலில் இருக்கும் பலகை மட்டும் மாறியிருக்கிறது. இணைப்புக்கென்று தனியாக ஒரு நிதி ஒதுக்கியிருந்தார்கள். அது மொத்தமாகக் கைக்கு வருகிற பணம் அல்ல. முதல் தவணையில் வட்டச் சாலையை ஒட்டிப் புது வளாகமும் கட்டடமும் வந்தன. இரண்டாம் தவணை வர வேண்டுமானால், இரண்டு கல்லூரிகளும் காகிதத்தில் மட்டும் இல்லாமல் நிஜமாகவே ஒன்றாகிவிட்டனவா என்று ஒரு குழு நேரில் வந்து பார்க்க வேண்டும். ஒரே நூலகம், ஒரே கருவிக்கூடம், வேதிப்பொருள்களுக்கு ஒரே ஸ்டோர். அந்த ஸ்டோரை ஒழுங்கு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. எதையும் அதனதன் இடத்தில் வைப்பது எனக்குப் பிடித்த வேலை என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் என்னிடம் சம்மதம் கேட்கவில்லை.

எங்களைப் போன்ற கல்லூரிகளின் பழக்கம் ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். அரசுப் பணத்தில் வாங்கிய எதையும் நாங்கள் தூக்கி எறிவதில்லை. எறிவதற்கு ஒரு குழு வேண்டும். குழு கூட ஓர் உத்தரவு வேண்டும். உத்தரவில் கையெழுத்துப் போடுகிறவர், பின்னால் யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டும். அதற்குப் பதில் அந்தப் பொருள் அலமாரியிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். ஒருவர் ஓய்வு பெறும்போது அடுத்தவரிடம் சாவியைக் கொடுப்பார். அலமாரியைத் திறந்து காட்டுவதுகூட இல்லை. இப்படியே எத்தனையோ பேர் கைமாறி, எதற்கு வாங்கினோம் என்று தெரிந்தவர் ஒருவரும் இல்லாத பாட்டில்கள் இரண்டு கல்லூரிகளிலும் நிறைய இருந்தன.

இணைப்பு அலுவலகத்திலிருந்து வந்த சுற்றறிக்கை, ஒவ்வொரு பாட்டிலையும் திறந்து, மிச்சம் இருப்பதை எடை போட்டுப் பதிவு செய்யச் சொன்னது. மக்கள் பணத்தில் வாங்கியது ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொரு நிறுவனத்துக்குப் போகிறது. எவ்வளவு போகிறது என்று தெரிய வேண்டாமா? நியாயமான கேள்விதான். அதை எழுதியவர் அரிசிக் கிடங்கை மனத்தில் வைத்து எழுதியிருப்பார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

எனக்கு உதவியாக ஓர் அட்டெண்டரைக் கொடுத்தார்கள். ஹனூர் பக்கம் தமிழ் பேசும் கிராமமான மார்டள்ளிக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். ஊரில் அண்ணன் விவசாயம் பார்க்க, இவர் மனைவியோடும் பெண் குழந்தையோடும் மைசூரில் வாடகை வீட்டில் இருந்தார். என்னிடம் தமிழ், மற்ற எல்லோரிடமும் கன்னடம். அவருடைய வேலை ஒப்பந்த வேலை. சம்பளம் இந்த இணைப்பு நிதியிலிருந்துதான் வந்தது. இரண்டாம் தவணை வந்தால் ஒப்பந்தம் நீளும். வராவிட்டால் அந்த மாதத்தோடு முடியும். இதை அவர் முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார், குறையாக இல்லை, மழை வருமா என்று பேசுகிற மாதிரி.

நல்ல வேலைக்காரர், வாய் ஓயாதவர். முதலில் அந்தக் கல்லூரியின் பெட்டிகள் வந்து இறங்கின. பிறகு எங்களுடையவை. பிரித்துப் பார்த்தால் எல்லாமே இரட்டை.

"கல்யாணம் பண்ண வீடு மாதிரி இருக்குதுங்க மேடம்," என்றார். "பொண்ணு வீட்டுல ஒரு குக்கரு, மாப்பிள்ளை வீட்டுல ஒரு குக்கரு. எதையும் திருப்பிக் குடுக்கவும் முடியாது, ரெண்டையும் அடுப்புல ஏத்தவும் முடியாது."

"இதுல யாரு பொண்ணு, யாரு மாப்பிள்ளை?"

"அதத்தான் ரெண்டு பிரின்சிபாலும் இன்னும் பேசி முடிக்கலீங்களே."

குழு வருவதற்கு முந்தைய நாள் மதியம். ஸ்டோர் புதுக் கட்டடத்தின் தரைத்தளத்தில் ஒரு நீளமான அறை. கதவுக்குப் பக்கத்தில் கணினியோடு நான் உட்கார்ந்திருந்தேன். அறையின் நடுவே கருங்கல் மேடையில் தராசு. அவர் பாட்டிலை எடுத்துப் பெயரைப் படிப்பார், திறப்பார், எடையைச் சொல்வார். நான் பதிவு செய்து "அடுத்தது" என்பேன். முந்தின நாள் நான் வேறு கூட்டத்தில் இருந்ததால் அந்தக் கல்லூரியின் எழுத்தர் என் இடத்தில் உட்கார்ந்து அவர்கள் பெட்டிகளைப் பதிவு செய்து முடித்திருந்தார். எங்கள் கல்லூரியிலிருந்து வந்த கடைசிப் பெட்டிகள்தான் பாக்கி. எங்கள் விலங்கியல் துறையில் பல காலமாகப் பூட்டியே கிடந்த அலமாரி ஒன்றை அன்று காலை உடைத்துத் திறந்து, உள்ளே இருந்ததைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார் அவர்.

ஒரு தாளம் பிடித்துவிட்டிருந்தது. பெயர், எடை, அடுத்தது. பெயர், எடை, அடுத்தது.

"பிக்ரிக் ஆசிட்," என்றார். பிறகு, "மேடம், இதுல மூடி எறுகிக் கெடக்குதுங்க."

பெயரை அடித்துக்கொண்டிருந்த என் விரல் பாதியில் நின்றது.

அந்த அமிலத்தைப் பற்றி ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் ஒரு பத்தி சொல்வேன். மஞ்சள் நிறத் தூள். ஈரமாக இருக்கும்வரை சாது. அதனால்தான் தண்ணீர் கலந்தே விற்பார்கள். விலங்கியல் துறையில், தசைத் துண்டுகள் கெடாமல் இருக்க ஊறவைக்கும் கரைசலுக்கு அது வேண்டும். ஆண்டுக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் உள்ளே ஈரம் காய்ந்துவிடும். காய்ந்த பிக்ரிக் அமிலத்தை முன்பு பீரங்கிக் குண்டுகளில் அடைத்தார்கள். மூடியின் மரையில் படிந்து காய்ந்திருந்தால், மூடியைத் திருகும் உரசலே போதும். இவ்வளவும் சொல்லிவிட்டு, "இது தேர்வுக்கு வரும்" என்று அடுத்த பத்திக்குப் போய்விடுவேன்.

திரும்பிப் பார்த்தேன். பழுப்புக் கண்ணாடி பாட்டிலை இடது கையால் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். வலது கையில் துணியைச் சுற்றி, மூடியை அழுத்திப் பிடித்து, தோளை உயர்த்தியிருந்தார். மூடிக்குக் கீழே கழுத்தைச் சுற்றி மஞ்சளாகப் பொருக்குத் தட்டியிருந்தது.

கத்தினால் அவர் திடுக்கிட்டுக் கையை அசைத்துவிடுவார் என்ற பயம் கத்த வேண்டும் என்ற பதற்றத்தைவிடப் பெரிதாக இருந்தது. "அடுத்தது" என்று சொல்லும் அதே குரலில் சொன்னேன்.

"தம்பி, திருகாதீங்க."

"என்னங்க மேடம்?"

"திருகாதீங்க. மூடியிலிருந்து கையை மெதுவா எடுங்க. பாட்டிலை அசைக்காதீங்க."

அவர் சிரித்தார். "என்னங்க, பாம்புகிட்டப் பேசற மாதிரிப் பேசறீங்க?"

"ஆமா. அப்படியே நினைச்சுக்கோங்க."

என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. வலது கையை எடுத்தார். துணி தரையில் விழுந்தது. பாட்டிலை எங்கே வைப்பது? கருங்கல் மேடை மேல் கண்ணாடி அடிப்பாகம் பட்டாலும் ஒரு தட்டுதான். நான் போட்டிருந்த வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்து மேடை மேல் வைத்தேன். என் முகம் அந்தப் பாட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. கோட்டின் பாக்கெட்டில் பேனா இருக்கிறதே என்று நினைவு வந்து, அதை எடுக்க மறுபடி கையை நீட்டினேன். பேனாவை உருவி எடுத்தேன்.

தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல அவர் அதை இறக்கி வைத்தார். கடைசியில் சுண்டுவிரல் பாட்டிலுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. அதை உருவி எடுக்கும்வரை நாங்கள் இருவருமே மூச்சு விட்டிருக்க மாட்டோம்.

வெளியே வந்து கதவைப் பூட்டினேன். தாழ்வாரத்தில் வைத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பெட்டியில எடம் பத்தலைன்னு மடியில வெச்சுட்டு வந்தேனுங்க," என்றார். "தேவராஜ மொஹல்லா சந்துல எல்லாம் நெரிசல். டிரைவரு ரோட்டு ஹம்பு மேட்டுல பிரேக்கே போடல. நான் பாட்டில் ஒடஞ்சுரும்னு ரெண்டு காலுக்கும் நடுவுல இறுக்கிப் புடிச்சேன்."

அவருடைய விரல் நுனிகள் மஞ்சளாக இருந்தன. கழுவச் சொன்னேன். போய்க் கழுவிவிட்டு வந்தார். மஞ்சள் போகவில்லை.

இணைப்பு ஒருங்கிணைப்பாளருக்குப் போன் செய்தேன். அந்தக் கல்லூரியிலிருந்து வந்த மூத்த பேராசிரியர். கெட்டவர் அல்ல, இணைப்புக்காக இரண்டு ஆண்டுகள் அலைந்து களைத்த மனிதர். உடனே வந்தார். நாங்கள் கன்னடத்தில்தான் பேசினோம். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"வெடிக்கும்னு உறுதியாத் தெரியுமா?"

"தெரியாது சார். வெடிக்காதுன்னும் தெரியாது."

"பூட்டியே இருக்கட்டும். நாளைக்குக் குழு வந்துட்டுப் போகட்டும். அப்புறம் பார்ப்போம்."

"குழு பார்க்க வர்றதே இந்த ரூமைத்தான் சார்."

அவர் பூட்டைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாகக் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த காலி நிலத்தைப் பார்த்தார். கடைசியாக அட்டெண்டரைப் பார்த்தார். அந்தப் பார்வை போன வழியை நானும் பார்த்தேன், அட்டெண்டரும் பார்த்தார்.

"நான் எடுத்துட்டுப் போறேனுங்க சார்," என்றார் அட்டெண்டர். "பின்னாடி ஒரு குழி வெட்டி வெச்சுர்றேன்."

"வேண்டாம்," என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பித் தமிழில் பேசினார். ஒருங்கிணைப்பாளருக்குப் புரியக்கூடாது என்றுதான்.

"மேடம், போலீஸ் கீலீஸ்னு கூப்பிடாதீங்க. குழு வரலைன்னா பணம் வராது. பணம் வரலைன்னா எனக்கு அடுத்த மாசம் ஆர்டர் கெடையாது. உங்களுக்குத் தெரியுமில்லீங்களா?"

"தெரியும்."

"வண்டியில குலுங்கி வந்தப்ப வெடிக்காதது, இந்தா இருக்கற பொட்டல் வரைக்கும் நடந்தா வெடிச்சிருமுங்களா?"

அவர் அதைத் தூக்கிக்கொண்டு போய், குழியில் வைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு திரும்பி வந்துவிடலாம். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். நாளைக்குக் குழு வரும், கையெழுத்துப் போடும், எல்லோருக்கும் பணம் வரும். அந்தப் பெரும்பாலும் என்ற சொல்லுக்கு வெளியே மிஞ்சுகிற கொஞ்சத்தில் அவருடைய இரண்டு கைகளும் முகமும் இருந்தன. சாவியை என் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினேன். காவல்துறைக்குப் போன் செய்தேன். என் குரல் எனக்கே யாருடையதோபோலக் கேட்டது.

ஒருங்கிணைப்பாளர் சத்தம் போடவில்லை. "ரெண்டு கல்லூரிக்கும் சேர்த்து நீங்க ஒருத்தரே முடிவு எடுத்துட்டீங்க மேடம்," என்றார். "இந்தப் பணத்துக்கு நான் எத்தனை மேஜை முன்னாடி நின்னிருக்கேன்னு உங்களுக்குத் தெரியாது." பிறகு கட்டடத்தில் இருந்த மாணவர்களை வெளியேற்றப் போனார். அதை அவர் ஒழுங்காகச் செய்தார்.

மாணவர்கள் மைதானத்தில் கூடி நின்று செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் வாசல் மரத்தடியில் போலீஸ் வண்டிக்காகக் காத்திருந்தோம். அவர் எனக்கு முதுகைக் காட்டி நின்றார். அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. எல்லாமே இரட்டையாகத்தானே வந்தது? இரண்டு கல்லூரிகளுக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே காலத்தில் வாங்கிய பொருள்கள்.

"தம்பி, அந்தக் கல்லூரிப் பெட்டியில இதே பேர்ல ஒரு பாட்டில் இருந்ததா?"

"இருந்துச்சுங்களே. அது நேத்தே எடை போட்டாச்சு."

"தெறந்தீங்களா?"

"தெறக்காம எப்படிங்க எடை போடறது?" என்றார் எரிச்சலோடு. "அது இதவிட எறுக்கம். கையில வரவே இல்ல. கதவிடுக்குல வெச்சு மூடிய நெருக்கிப் புடிச்சு ஒரு திருகு திருகினேன், வந்துருச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே தன் வாயிலிருந்து வந்தது கேட்டது போலிருக்கிறது. எங்கள் வீட்டில் தேன் பாட்டிலை அப்படித்தான் திறப்போம். எல்லோர் வீட்டிலும் அப்படித்தான். கதவுக்கும் நிலைக்கும் நடுவே மூடியைக் கொடுத்து, கதவை ஒரு கையால் நெருக்கி, மறு கையால் பாட்டிலைத் திருப்புவது. முகம் அதற்கு நேர் மேலே இருக்கும்.

"உள்ள எப்படி இருந்தது? ஈரமா, காஞ்சா?"

"கட்டி கட்டியா... ஈரமாத்தான் இருந்த மாதிரி... தெரியலீங்க மேடம். மறுபடி மூடி எடுத்து வெச்சுட்டேன்."

"எங்கே?"

"மேல் தட்டுலங்க."

உள்ளே ஒன்று இருக்கிறது என்று நினைத்து வருகிறவர்கள், தலைக்கு மேலே இன்னொன்று இருப்பது தெரியாமல் அந்த அறைக்குள் போவார்கள். வண்டி வந்து நின்றதும் ஓடிப்போய்ச் சொன்னேன்.

வெடிகுண்டு நிபுணர்களுக்குத் தலைமை தாங்கி வந்த அதிகாரி நிதானமானவர். "ஒண்ணா, ரெண்டா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"ரெண்டு. ஒண்ணு மேடை மேல, துணி மேல. இன்னொண்ணு மேல் தட்டுல."

"மேல் தட்டுல எந்த இடம்?"

அட்டெண்டர் முன்னால் வந்தார். "நான் வந்து காட்டறேன் சார்."

"நீ வர வேண்டாம். இங்கே நின்னு சொல்லு."

வெயிலில் நின்றபடி அவர் காற்றில் அலமாரியை வரைந்தார். கதவு இங்கே, இந்தப் பக்கம் முதல் அலமாரி, இது இரண்டாவது, மேல் தட்டு, முன்னால் பெரிய வெள்ளை டப்பா, அதற்குப் பின்னால். பின்னால் என்று காட்டியவர், முந்தின நாள் அதைத் திருகிய தன் கையையே பார்த்தார். இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டார். அதிகாரி பார்க்காதவர் போல வேறு பக்கம் திரும்பி, தன் ஆட்களிடம் அதே வரிசையைத் திருப்பிச் சொன்னார்.

கனமான உடையணிந்தவர் ஒருவர் உள்ளே போனார். அவர் வெளியே வரும்வரை நடந்ததைப் பற்றி என்னால் எழுத முடியாது. நான் பார்த்துக்கொண்டிருந்தது வாசல்படியில் ஊர்ந்துகொண்டிருந்த எறும்பு வரிசையை மட்டும்தான். இரண்டு பாட்டில்களையும் மணல் நிரப்பிய பெட்டியில் வைத்து வளாகத்தின் எல்லைக்கு அப்பால் கொண்டுபோய்க் குழியில் இட்டு வெடித்தார்கள். சத்தம் முதலில் காலில்தான் தெரிந்தது. மைதானத்தில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒரேயடியாக அமைதியானார்கள்.

அதிகாரி திரும்பி வந்ததும் நான் கேட்டேன், "அது உண்மையிலேயே ஆபத்தாத்தான் இருந்ததா சார்?"

"எங்க வெடிமருந்தும் சேர்ந்த சத்தம் மேடம் அது. உங்களோடது எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது."

அட்டெண்டர் உடனே கேட்டார். "அப்ப அது சும்மா கெடந்திருக்கும்னும் இருக்கலாங்களா சார்?"

"இருக்கலாம்," என்றார் அதிகாரி. "கூப்பிட்டது சரிதான்."

முதல் சொல்லை அவர் பிடித்துக்கொண்டார். அடுத்ததை நான் பிடித்துக்கொண்டேன்.

குழுவின் வருகை தள்ளிப்போனது. பத்திரிகையில் ஒரு மூலையில் செய்தி வந்தது. மாதக் கடைசியில் அட்டெண்டரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. நான் ஒருங்கிணைப்பாளரைப் பார்த்தேன், அவர் மேலே எழுதினார். எந்தத் தலைப்பில் சம்பளம் கொடுப்பது என்று மேலிருந்து கேள்விதான் திரும்பி வந்தது. வீட்டைக் காலி செய்து, மனைவியையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு ஊருக்குப் போவதற்கு முன்னால் அட்டெண்டர் துறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"என் கையக் காப்பாத்துனீங்க. சரிங்க," என்றார். "கைக்கு வேலை?"

போய்விட்டார். அவர் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் அன்று அவரை அந்தப் பாட்டிலோடு போக விட்டிருந்தால் என்று யோசிக்கும்போதெல்லாம் அந்தத் தாழ்வாரமும் பூட்டும் என் கண்முன் வந்துவிடும். அதற்கு மேல் யோசனை ஓடாது.

அந்த நாட்களில் எனக்கு வீட்டிலும் பயம் விடவில்லை. ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் என் கணவர் எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலைத் திறக்க முயன்றார். மூடியைச் சுற்றி உப்புப் பூத்திருந்தது. முடியாமல் எழுந்து, கதவைப் பார்த்து நடந்தார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"என்னம்மா ஆச்சு? ஊறுகாய்ம்மா இது."

"வைங்க. கீழ வைங்க."

அவர் வைத்தார். அன்று மோர் மட்டும் ஊற்றிச் சாப்பிட்டோம். அதற்குப் பிறகு அவர் எந்த பாட்டிலையும் நான் இல்லாதபோதுதான் திறக்கிறார் என்று எனக்குத் தெரியும், கேட்டதில்லை.

குழு ஒருவழியாக வந்து பார்த்துவிட்டுப் போனது. இரண்டாம் தவணைக்குப் பரிந்துரைப்பதாகச் சொன்னார்கள். எல்லோரும் மகிழ்ச்சியாக இருந்தபோது இணைப்பு அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. இருப்பில் இரண்டு பாட்டில்கள் குறைகின்றன, விளக்கம் தேவை. இதைப் படித்து முதலில் சிரிப்புத்தான் வந்தது. கடிதத்தின் கீழே, நகல் யார் யாருக்கு என்ற பகுதிக்கு வந்தபோது சிரிப்பு நின்றது. மாநிலத்தில் இதே நிதியில் இணைந்துகொண்டிருக்கும் கல்லூரிகள் வரிசையாக இருந்தன. எல்லோருக்கும் பொதுவான ஒரு வரியும் இருந்தது. எடை போடும் பணியை இன்னும் முடிக்காதவர்கள் விரைந்து முடிக்கவும்.

அத்தனை ஊரிலும் பூட்டிய அலமாரிகள். அத்தனை ஊரிலும் மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வருகிற ஒருவர். கதவிடுக்கு எல்லா ஊரிலும் இருக்கிறது.

அன்றே இணைப்பு அலுவலகத்துக்கு எழுதினேன். எடை போடுவதை நிறுத்தச் சொல்லுங்கள் என்று கேட்டேன். குழுவின் பார்வைக்கு வைக்கப்படும் என்று பதில் வந்தது. கல்லூரிகளுக்குப் போன் செய்தேன். பிரின்சிபால் மீட்டிங்கில் இருக்கிறார், மெயில் அனுப்புங்க மேடம், எங்ககிட்ட அப்படி எதுவும் இருக்காது மேடம். மெயிலும் அனுப்பினேன். ஒவ்வொரு முறை போனை வைக்கும்போதும், பேசிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் அந்தக் கட்டடத்தின் ஏதோ ஓர் அறையில் மூடி ஒன்று திரும்பிக்கொண்டிருக்கும் என்ற எண்ணம் வரும்.

கடைசியில் மார்டள்ளிக்குப் போன் செய்தேன். எடுக்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். எடுத்தார். பின்னால் டிராக்டர் ஓடும் சத்தம். விஷயத்தைச் சொன்னேன்.

"ஆபீசுக்கு எழுதினா எப்படிங்க மேடம்?" என்றார். "பாட்டில தெறக்கறது ஆபீசுங்களா? அட்டெண்டருங்க எங்களுக்குள்ள ஒரு வாட்ஸாப் குரூப் இருக்குது. சம்பளம் எப்ப வரும்னு பொலம்பறதுக்கு வெச்சது. ஒவ்வொருத்தனையா கூப்பிடறேன். நீங்களும் லைன்லயே இருங்க, அவனுங்க கெமிஸ்ட்ரி கேட்டா எனக்குத் தெரியாது."

கான்பரன்ஸில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். "மஞ்சள் பாட்டில். முச்சளா முட்டபேடா," என்று எல்லோரிடமும் கன்னடத்தில் ஒரே வாக்கியத்தில் தொடங்கினார், மூடியைத் தொடாதே என்று. சிலர் கேலி செய்தார்கள். சிலர் பயந்து, நூறு கேள்வி கேட்டார்கள். வடக்கே ஓர் ஊரில் இருந்தவர் மட்டும் சாதாரணமாகச் சொன்னார்.

"மஞ்சளா? கண்ட மாதிரி இருக்கே. இருங்க, எடுத்துட்டு வந்து பேர் படிக்கறேன்."

போனை மேஜை மேல் வைத்த சத்தம். செருப்புச் சத்தம் தள்ளிப் போனது.

"ஏய்! எடுக்காதே! ஏய்!" அட்டெண்டர் வயலில் நின்று கத்தினார். நானும் துறை அறையில் நின்று கன்னடத்தில் கத்தினேன். மேஜை மேல் கிடக்கும் போனுக்குள் இருந்து எங்கள் குரல் எவ்வளவு தூரம் போயிருக்கும்? மறுமுனையில் ஒரு மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டே இருந்தது. எங்கோ இரும்புக் கதவு ஒன்று ஆடியது. பிறகு எதுவும் இல்லை. அட்டெண்டரின் மூச்சு என் காதுக்குள் கேட்டது.

செருப்புச் சத்தம் திரும்பி வந்தது.

"எதுக்கு ரெண்டு பேரும் இப்படிக் கத்தறீங்க? ஸ்டோர் பூட்டியிருக்கு. சாவி சாரு கையில. நாளைக்குக் காலையிலதான் கெடைக்கும். குடுத்தவுடனே பார்த்துச் சொல்றேன்."

"நாளைக்குக் காலையில நான் அங்க இருப்பேன்," என்றார் அட்டெண்டர். "நான் வர்ற வரைக்கும் சாவிய வாங்காத. அவரே குடுத்தாலும் வாங்காத. கேட்டுச்சா?"

மறுமுனையில் இருந்தவர் சரி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். சொன்னதைச் செய்வாரா என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

"இப்பக் கெளம்பினா ஹனூர்ல மைசூர் பஸ்ஸப் புடிச்சு, அங்கிருந்து ராத்திரி பஸ் ஏறிருவேன் மேடம்," என்றார். டிராக்டர் நின்றுவிட்டிருந்தது.

"நானும் வர்றேன். பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன்."

"நீங்க வந்து என்னங்க பண்ணுவீங்க?"

"உங்களையும் உள்ள விடாம கதவுக்கு முன்னாடி நிப்பேன்."

அவர் சிரிக்கவில்லை. "சரிங்க, வாங்க," என்றார். "ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க, வழியில குளிரும்."